உப்பைக் கண்டு அஞ்சிய அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. முதல் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நல்ல குணங்களுக்கு முன்னால் அவருடைய பயம்தான் வந்து நிற்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

சுங்காய் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அண்ணன் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். அண்ணன் இடைநிலைப் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு நாள், வேலை முடிந்து வந்த அப்பா கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று வலது கை தட்டிலேயே கிடந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டது. அண்ணன்தான் தாங்கிப் பிடித்தார். அப்பா பிழைக்கவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர், "ரத்தக் கொதிப்பு. உப்பைக் கொறைச்சிருந்தா ஆளு இருந்திருப்பாரு" என்றார். போகிற போக்கில் சொன்ன பேச்சு அது. அண்ணனுக்கு ஆயுள் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

படிப்பை விட்டுவிட்டு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் அண்ணியைக் கைப்பிடித்தார். சிலிபினில் வீடு, ஒரே மகள் யாழினி. வேலை இல்லாத நாட்களில் காம்பார் பக்கம் போய், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் தூண்டில் போடுவார். பிடித்த மீனை அக்கம்பக்கத்தில் கொடுக்கும்போது, "கருவாடு போடாதீங்க, சரியா?" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். விருந்துக்கும் சொந்தச் சாப்பாட்டுக் கேரியரோடு வருவார். நீங்களெல்லாம் கேலி செய்திருக்கிறீர்கள். அவரும் கூடவே சிரிப்பார். ஆனால் கேரியரில் இருந்ததைத்தான் சாப்பிடுவார்.

ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கும் ரத்தக் கொதிப்பு வந்தது. கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அண்ணன் அறவே விட்டுவிட்டார். உடம்பில் இருக்கும் உப்பையும் கழுவி வெளியேற்ற வேண்டுமென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். "ஏங்க, இப்படியா குடிப்பாங்க?" என்று அண்ணி கேட்டால், "ஒனக்குத் தெரியாது. எங்கப்பாவ நீ பாக்கல" என்பார். நாளாக ஆக முகம் வெளிறியது. தலைவலி, குமட்டல் என்றார். ஆனாலும் தூண்டிலை விடவில்லை.

ஒரு ஞாயிறு காலை நானும் அண்ணியும் அவரோடு குட்டைக்குப் போயிருந்தோம். கையிலிருந்த தூண்டிலை உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாருது?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, அப்பாவால கையத் தூக்க முடியலம்மா. சீக்கிரம் வாங்கம்மா" என்றார்.

என்னை அம்மாவாக நினைத்துக்கொண்டு, அப்பா விழுந்த நாளுக்கே போய்விட்டார் என்று எனக்குப் புரிந்தது. அதற்குள் அவர் தண்ணீரை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் குட்டைகள் கரையை விட்டு இறங்கினாலே ஆழம். அண்ணி பாய்ந்து சட்டையைப் பிடித்தார். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சீனர் ஆ செங் ஓடிவந்து, அண்ணனை இழுத்துத் தம் காரில் ஏற்றினார். "செப்பாட்லா, செப்பாட்!" என்று மலாயில் எங்களையும் அவசரப்படுத்தினார். வழியில் அண்ணனுக்கு வலிப்பு வந்தது. அது அடங்கியதும் அண்ணி, "கையத் தூக்குங்க, ஒரு தடவ தூக்குங்க" என்று கதறிக்கொண்டே வந்தார். அண்ணனுக்கு எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்கு வந்ததுதான் வந்துவிட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் வெளியே வந்தார். "ஆண்ட்டி, அங்கிளுக்கு ஸ்ட்ரோக் இல்ல. ரத்தத்துல உப்பு ரொம்பக் கொறஞ்சிருக்கு. அந்தப் பிரஷர் மாத்திரையே உப்ப வெளியேத்தும். அதச் சாப்பிட்டுக்கிட்டே உப்பையும் விட்டுட்டு, இவ்ளோ தண்ணியும் குடிச்சா இப்படி ஆகும்லா."

உப்பை வேகமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்தாம். அதனால் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ஒவ்வொரு முறை அவர் கண் திறக்கும்போதும் எங்களை அடையாளம் தெரியுமா என்று பயந்து பயந்து பார்த்தோம். நினைவு திரும்பியதும் முதலில் கேட்டது, "டிரிப்புல என்னா ஏத்துறாங்க?"

"உப்புத் தண்ணிப்பா" என்றாள் யாழினி.

அண்ணன் ஊசியைப் பிடுங்கப் போனார். யாழினி அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா போனத நீங்க பாத்தீங்க. நீங்க போறத நான் பாக்கணுமாப்பா? எனக்குப் பயமா இருக்குப்பா."

அண்ணன் ஊசியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அடுத்த வேளை உப்பு போட்ட கஞ்சி வந்தது. கண்ணீர் வழிய வழியக் குடித்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். சமையலில் எவ்வளவு உப்பு போடலாம் என்பதை அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன்பின் சில ஆண்டுகள் அண்ணன் எங்கள் வீட்டிலெல்லாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒவ்வொரு பிடியும் பயத்தோடுதான், ஆனாலும் சாப்பிட்டார். சென்ற ஆண்டு ஒரு காலை, தேநீர் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை.

இழவு வீட்டில் யாரோ, "உப்பு திங்க ஆரம்பிச்சாரு, போய்ட்டாரு" என்றார்கள். அது அண்ணியின் காதில் விழுந்தது. அன்று முதல் உப்பு ஜாடியை எடுத்தாலும், போடாமலே திருப்பி வைத்துவிடுகிறார். "நாந்தானே போட்டுக் குடுத்தேன்" என்கிறார். இதய இரத்தக் குழாயில் பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்த அடைப்பு என்றும், அந்தக் கொஞ்சம் உப்பு காரணமில்லை என்றும் டாக்டர் தெளிவாகச் சொன்னார். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். அண்ணனைப் பறிகொடுத்தோம். அவரை ஆயுள் முழுக்க ஆட்டிவைத்த பயத்துக்கு அண்ணியையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறேன்.

அன்று காரை ஓட்டிய ஆ செங் அவர்களுக்கும், பொறுமையாக விளக்கம் சொன்ன டாக்டருக்கும், காரியங்களில் தோள் கொடுத்த சிலிபின் அக்கம்பக்கத்தாருக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்றைய திவசச் சமையலும் அண்ணியுடையதுதான். படையலுக்கு முன் ருசி பார்க்கக் கூடாது என்பதால், உப்பு கூடிவிடுமோ குறைந்துவிடுமோ என்று நான் இதை எழுதும்போதே கலங்கிக்கொண்டிருக்கிறார். யாரும் அவசரமாகக் கிளம்பிவிடாதீர்கள். இலையில் உட்காருங்கள். உப்பு எப்படி இருந்தாலும், அண்ணி பார்க்கும்படி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.