அண்ணன் கை பட்ட தகடு

பட்டறையில் அவருக்கு 'உப்புத்தாள்' என்றே பெயர். வெல்டிங் வைத்தால் ஓட்டை விழுந்துவிடும் பழைய கார்த் தகடுகளைப் பசை போட்டு ஒட்டுவதுதான் பிழைப்பு. ஒட்ட அரை மணி நேரம் போதும். அதற்கு முன் தேய்க்க ஒரு நாள் வேண்டும். துரு போய் வெள்ளைத் தகடு தெரிய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தின்னரால் துடைத்தபின் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் ஒரே விரிப்பாகப் படர வேண்டும். அதன்பிறகு யாரும் கை வைக்கக் கூடாது. முதலாளியையே "கைய எடுங்க" என்று அதட்டிய மனுஷன்.

அப்படிப்பட்டவர் தன் அண்ணனிடம் மட்டும் அதைச் சொல்லாமல் விட்டார். கொடுமை, வேறென்ன சொல்ல!

பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. அண்ணனின் புது வீட்டில் ஆசையாகக் கதவைத் தடவிப் பார்த்தவரை, சொந்தபந்தம் கூடியிருக்கும்போது, "அந்த எண்ணெய்க் கையால தொடாதடா" என்றார் அண்ணன். அன்று படியிறங்கியவர்தான்.

இப்போது அதே அண்ணன் அப்பாவின் பழைய காரோடு வந்து நின்றார். "நீ பாத்தாத்தான் சரியா வரும்டா." அந்த ஒரு பேச்சுக்கு உருகிவிட்டார். ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ.

கார்க் கதவின் அடிப்பகுதியையும் அதில் ஒட்டவேண்டிய புதுத் தகட்டையும் இரண்டு நாள் தேய்த்தார். துடைத்துக் காயவைத்துப் பசை குழைக்கும்போது அண்ணன் வந்தார். எண்ணெய்த் தலையை வழக்கம்போல் கோதிவிட்டு, அதே கையைப் புதுத் தகட்டில் அழுத்தி வைத்தார். "பளிச்சுனு இருக்கேடா."

"கைய எடுங்கண்ணே" தொண்டைவரை வந்தது. சொன்னால் அன்று பட்டதைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். துணியை எடுத்துத் துடைத்தாலும் அதே கதைதான். அண்ணன் கோபித்துக்கொண்டு மறுபடி பேச்சை விட்டுவிடுவாரே என்று பயம். பசை வேறு இறுகிக்கொண்டிருந்தது. தெரிந்தே, அப்படியே பூசி ஒட்டினார்.

ஐந்தாம் மாதம் தகடு பெயர்ந்தது. அண்ணன் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் மேசைமேல் போட்டார். "அப்பா வண்டின்னு கூடப் பாக்காம ஏனோதானோன்னு ஒட்டியிருக்க."

உப்புத்தாள் தகட்டைத் திருப்பினார். சுற்றிலும் பசை பிய்ந்து ஒட்டியிருந்தது. ஓரத்தில் மட்டும் ஓர் உள்ளங்கையும் ஐந்து விரலும் பசை பிடிக்காமல் வெறுமையாகத் தெரிந்தன.

"இதப் பாருங்கண்ணே. கை பட்ட இடம்."

அண்ணன் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"பாக்குறேன். எண்ணெய்க் கையால தொட்டா எப்படிடா ஒட்டும்? அன்னைக்கே சொன்னேன், நீ இன்னும் திருந்தல."