ஏறுமுகத்தின் இடது கால்

வேலை பார்த்த இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எப்படிப் போகுது?" என்று கேட்டால், "எல்லாம் ஏறுமுகம்தான்" என்பார். லிப்ட் பழுதுபார்ப்பவரின் வாயிலிருந்து இப்படி ஒரு பதில் வந்தால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? ஏறுமுகம் என்றே வைத்துவிட்டார்கள். கூண்டு பாதி மாடியில் நின்றுபோய் உள்ளே இருப்பவர்கள் கத்திக்கொண்டிருந்தால், கதவிடுக்கில் வாயை வைத்து, "நல்லா காத்து வருது, பயப்படாதீங்க. வீட்டுல போய்ப் போடற சண்டையை இங்கேயே போட்டு முடிச்சிடுங்க" என்பார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

சர்க்கரை நோய் வந்தபோது அந்தக் குணம் அவருக்குக் கைகொடுத்தது. அதே சமயத்தில் அதே நோய் வந்த கிடங்குக் காவலர், இனி என்ன இருக்கிறது என்று கட்டிலே கதியாகக் கிடந்தார். ஏறுமுகம் விடிந்ததும் நடக்கப் போனார், இனிப்பை விட்டார், ராத்திரி அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். சர்க்கரை இறங்கியது. டாக்டருக்கே சந்தோஷம்.

"மனசு இப்படி இருந்தா பாதி வைத்தியம் முடிஞ்ச மாதிரி. ஆனா காலை மட்டும் தினமும் பாருங்க. உங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கு."

இதில் முதல் பாதிதான் வீடு வந்து சேர்ந்தது. கொண்டுவந்து சேர்த்தவள், டாக்டரிடம் கூடப் போயிருந்த அவருடைய அக்கா. பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தாள். சாயங்காலம் ஆனால் தம்பி வீட்டில்தான். வாய் ஓயாததால் ரேடியோ என்று அவளுக்குப் பெயர். அவள் வந்த கையோடு ஒரு சட்டம் போட்டாள்.

"இந்த வீட்டுல இனிமே எவ அழுமூஞ்சிப் பேச்சு பேசறாளோ, அவதான் அன்னைக்குப் பாத்திரம் பூரா தேய்க்கணும். தம்பி, உனக்கும் சேர்த்துத்தான்டா!"

இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 'எவ' என்பது யார் என்று ஏறுமுகத்தின் மனைவிக்குப் புரிந்தது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. வாடகை ஏறப்போகிறது என்று அவள் வாயெடுத்தால் போதும், "போ, தொட்டி கூப்பிடுது" என்பாள் ரேடியோ. கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்க்க அவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது. நாளாக ஆக, சொல்லக்கூடாதது வாய் வரைக்கும்கூட வராமல் நின்றது.

ஒருநாள் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றினார். இடது கால் உறை ரத்தத்தில் ஊறியிருந்தது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு மரை விழுந்தது. காலையில் எப்போதோ உள்ளே விழுந்தது. நாள் முழுக்க அதன்மேலேயே நின்று வேலை பார்த்திருக்கிறார்.

"மரை கழண்டவன்னு என்னைச் சொல்வியே! இதோ பாரு, இத்தனை நாளா எங்கே இருந்திருக்கு!" என்று அக்காவிடம் தூக்கிக் காட்டினார்.

மருத்துவமனையில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். தினமும் கழுவி மருந்து வைக்க வேண்டும், ஒரு வாரத்தில் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். காயம் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில். தொந்தியும் முதுகுவலியும் சேர்ந்து அவரை அவ்வளவு தூரம் குனிய விடவில்லை. மருந்து வைத்ததும் பார்த்ததும் மனைவிதான்.

முதலில் சிவப்பாக இருந்தது. பிறகு ஓரம் சாம்பல் பூத்தது. ஒரு சாயங்காலம் கட்டைப் பிரித்தபோது பெருவிரல் அடியில் கருப்பு ஏறியிருந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்று மேலிருந்து கேட்டார்.

அவள் நிமிர்ந்தாள். ரேடியோ நாற்காலியின் நுனிக்கு வந்து, பதிலுக்காகக் கண்ணை விரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஆறிட்டு வருது."

"பார்த்தியா? வலிங்கற பேச்சே இல்ல!" என்றார் அவர்.

"சிரிச்சாலே புண்ணு ஆறும்னு நான் தலைதலையா அடிச்சுக்கறேன். டாக்டருக்குக் கொடுக்கறதை எனக்குக் கொடுங்கடா!" என்றாள் ரேடியோ.

காட்டச் சொன்ன நாளில் பெரிய கட்டடம் ஒன்றில் லிப்ட் நின்றுபோய்விட்டது. ஆறிக்கொண்டு வரும் காயத்துக்கு எதற்கு அரை நாள் விடுப்பு என்று கட்டின்மேலேயே ஷூவை மாட்டினார். மனைவி வாசலை மறித்தாற்போல நின்றாள். 'போகாதீங்க' என்று சொல்லத்தான் நின்றாள். அவர் ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சீட்டி அடித்தார். இப்போது சொன்னால் இந்தச் சீட்டி நின்றுவிடும், மனசு விட்டுப்போனால் சர்க்கரை ஏறிவிடும் என்று பயந்தாள். வழியை விட்டாள்.

பிறகு நாற்றம் வந்தது. அவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். தரையைப் பினாயில் விட்டுத் துடைத்தாள். மகராசி வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறாள் என்று ரேடியோ மெச்சினாள். அந்த வாரக் கடைசியில், வேலை செய்யும் இடத்திலேயே அவர் குளிர்காய்ச்சலில் நடுங்கி விழுந்தார்.

"காயத்தை யார் பார்த்துக்கிட்டது?" என்று கேட்டார் அறுவைச் சிகிச்சை டாக்டர்.

"நான்தான்."

"எப்போ கருப்பாச்சு?"

அவள் நாளைச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. "அன்னைக்கே வந்திருந்தா விரலோட போயிருக்கும்மா," என்றார். இப்போது முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும்.

வார்டில் ரேடியோ பேசிக்கொண்டேயிருந்தாள். "இனிமே நகம் வெட்டற வேலையும் பாதிதான்டா தம்பி." யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே உதடு கோணிக்கொண்டது.

"அக்கா, கொஞ்சம் வெளியே இரு," என்றார் அவர். அப்படி ஒரு குரலில் அவர் யாரிடமும் பேசியதில்லை.

அவள் போனதும் மனைவி சொன்னாள்: "புண்ணு ஆறவே இல்லைங்க. கருத்துக்கிட்டே வந்துது. நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என் மூக்கை வாடகைக்கா விட்டிருக்கேன்? எனக்கும்தான் நாத்தம் அடிச்சுது."

"தெரிஞ்சுமா ஷூவை மாட்டிக்கிட்டுப் போனீங்க?"

"ஆறுதுன்னு சொல்றப்ப உன் மூஞ்சியைப் பார்ப்பேன். எவ்வளவு பாடுபட்டுச் சொல்றாளேன்னு இருக்கும். நான் பயந்துட்டேன்னு தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு..."

"நான் உடைஞ்சா உடைஞ்சிட்டுப் போறேன்! காலு போகுதேங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் போர்வையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை. அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மறுநாள் இருக்கப்போகாத அந்தக் காலைக் கட்டோடு மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கால் போனது, லிப்ட் வேலையும் போனது. ஊன்றுகோலோடு கூண்டின் கூரைமேல் ஏற முடியாது, லிப்ட் குழிக்குள் இறங்கவும் முடியாது. சில நாள் காலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ரேடியோ வருவாள், என்ன பேசுவது என்று தெரியாமல் தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அழ வேண்டும்போல இருந்த அன்று அவர் அழுதார். அழுத பிறகு சாப்பிட்டார்; சாப்பிட்ட பிறகு தூங்கினார்.

இப்போது வலது காலை மனைவி தினமும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள்.

"எப்படி இருக்கு?"

"குதிகால்ல வெடிப்பு. நேத்துக்கு இன்னைக்கு ஆழமா இருக்கு. உள்ளே சிவந்திருக்கு."

"சனியன். பயமா இருக்கா உனக்கு?"

"பயமாத்தான் இருக்குங்க."

"எனக்கும்தான். அந்தச் சட்டையை எடு, இப்பவே போயிடலாம்."

அவள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் ஓடிப்போய் வண்டியைக் கூப்பிட்டாள்.