கடைசியில் வருபவர்

திருமழபாடி, கொள்ளிடக் கரை. டாக்டர் சொன்ன காலை நடையை வெளியூரிலும் விடாமல், வேகமாக நடக்கிறேன். முன்னால் நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். எரிச்சலோடு தாண்டப் போகிறேன். கடைசியில் வரும் கைலிக்காரர் கையை நீட்டி மறிக்கிறார்.

"முதல்ல போறவருக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்குங்க சார். அவரைத் தாண்டி நாங்க யாரும் போறதில்ல."

"ஏன்?"

"போன வருசம் எங்க கூட்டாளி ஒருத்தரு பின்தங்கிட்டாரு. நாங்க பேசிக்கிட்டே போயிட்டோம். டீக்கடையில திரும்பிப் பார்த்தா ஆளக் காணோம். ஓடி வந்து பார்த்தப்ப உசுரு இல்லைங்க."

கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒதுங்கி நிற்கிறேன். அவர் நகரவில்லை.

"நீங்க எனக்கு முன்னால போங்க சார்."

நடக்கிறேன். எனக்குப் பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே வருகிறது.