சுகந்தி வீட்டுக் கதவு

ஜெர்மனியின் ஹம் நகரில், மாற்றுத்திறனாளிகள் பணியாளர் உதவியோடு தனித்து வாழும் சில வீடுகளை நடத்துகிறேன். இத்தகைய வீடுகளுக்கு அரசுப் பதிவு இப்போது கட்டாயம். கிடைக்காவிட்டால் மூடவேண்டியதுதான். குடியிருப்போர் சொந்த வீட்டில்போல் வாழ்கிறார்களா என்று சோதிக்க அதிகாரி வந்த அன்று, பயத்தில் பூச்சாடியின் இலைகளைக்கூடத் துடைத்துவைத்தேன். அதே பதற்றத்தில், அங்கே குடியிருக்கும் சுகந்தியின் கதவை என் சாவியால் திறந்து, அதிகாரியை உள்ளே அழைத்தேன்.

சக்கர நாற்காலியிலிருந்து சுகந்தி முறைத்தார். "அண்ணை, இது என்ர வீடு. வெளியில போய் பெல் அடியுங்கோ."

"என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

"உங்களை வரவேற்கிறார்."

சுகந்தி ஜெர்மன் மொழியில் திருத்தினார். "இல்லை, வெளியே போய் மணி அடிக்கச் சொன்னேன்."

சாவியை அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டேன். அதிகாரியோ சிரித்துக்கொண்டே வெளியே போய் மணியை அழுத்தினார். "இவர் உண்மையிலேயே சொந்த வீட்டில்தான் இருக்கிறார்" என்றார்.

பதிவு கிடைத்தது. இப்போது நானும் மணி அடிக்கிறேன். "இண்டைக்கு ஏலாது அண்ணை, படம் பாக்கிறன்" என்று சில நாள் உள்ளேயிருந்து குரல் வரும். திரும்பிவிடுவேன். நடத்துபவன் என்ற என் நினைப்பு அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.