இடக்கையில் மௌஸ்

காளிகாட்டில் நான் சாப்பிடும் தமிழ் மெஸ்ஸில் ஒருவர் எப்போதும் சுவரில் முதுகு பட உட்காருவார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. வலது கை சாம்பார் சாதத்தைப் பிசையும். இடது கை லேப்டாப்பின் மௌஸை உருட்டிக்கொண்டே இருக்கும்.

"சாப்பிடும்போதுமா சார் வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேலை இல்லைங்க, காவல். ஆபீஸ்ல ஒரு சாஃப்ட்வேர் போடச் சொன்னாங்க. ஸ்கிரீனைப் படம் பிடிச்சு அனுப்பிக்கிட்டே இருக்கும். இது என் சொந்த லேப்டாப். அதான் இதுக்குள்ளயே வர்ச்சுவல் மெஷின்னு இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதுல அதைப் பூட்டிட்டேன். வெளியே நான் என்ன பண்றேன்னு அதுக்குத் தெரியாது."

திருடனைக் கட்டிப்போட்டவரின் பெருமை அவர் முகத்தில்.

"வெளியே என்ன பண்ணுவீங்க?"

ஆபீஸ் திரையைச் சுருக்கினார். பின்னால் ஒரு செஸ் பலகை. "சேலத்துல இருக்கிற என் பொண்ணோட ஆடறேன். என் முறைதான், ரொம்ப நாளா."

குதிரையைத் தொடப் போனவர், பதறி மறுபடி ஆபீஸ் திரைக்குள் போய் மௌஸை உருட்டினார். "உள்ள அசைவு நின்னா, ஆள் சீட்ல இல்லைன்னு மேனேஜருக்குச் சொல்லிடும்."

"நான் வேணா உருட்டறேன் சார், நீங்க ஆடுங்க."

"ரெண்டுக்கும் ஒரே மௌஸ்தானுங்களே," என்றார்.

"தாதா, ரசம்?" என்று, வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடும் பாணியில், மெஸ்காரர் வந்து நின்றார். மௌஸை உருட்டியவர் நிமிரவில்லை.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அப்பா ஏதோ பெரிய திட்டம் போடுகிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.