அறுநூறு டாலருக்கு ஒரு நல்ல துப்பாக்கி

என் அப்பா ஓர்வில் கட்லிப், பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்தார். நுரையீரல். வயது எழுபத்தொன்று. செய்தித்தாளுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில், அலுமினிய ஆலையில் முப்பத்தைந்து வருடம், பிறகு துப்பாக்கிக் கடையில் ஏழு வருடம் என்று இருக்கிறது. இரண்டாவது வேலையை ஏன் விட்டார் என்று அதில் இல்லை.

ஆலை மூடியபோது அவருக்கு ஐம்பத்தேழு. மேற்கு வர்ஜீனியாவில், எங்கள் ஆற்றோரத்தில், அந்த வயதில் வேறு வேலை கிடைக்காது. டெனி என்பவர் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் கடை வைத்திருந்தார். தூண்டில், சங்கிலி ரம்பம், குளிர்காலக் காலுறை, பின்சுவர் முழுக்கத் துப்பாக்கி. டெனி அப்பாவைக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிறுத்தினார். மனிதர்களோடு அதிகம் பேசாத அப்பா அங்கே பேசக் கற்றுக்கொண்டார்.

அந்த வருடங்களில் எல்லோருக்கும் ராணுவத் துப்பாக்கி ஜாடையில் ஒன்று வேண்டியிருந்தது. ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு, அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். இரண்டாயிரம் டாலருக்கும் உண்டு, நானூறுக்கும் உண்டு. வெளியே இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். எங்கள் ஆட்களிடம் இருந்தது அறுநூறு. அதற்குள் உருப்படியான ஒன்றைப் பொறுக்கித் தருவதுதான் அப்பாவின் வேலை. "ஓர்விலக் கேளு" என்று இரண்டு மாவட்டம் தள்ளியிருந்து வருவார்கள்.

முதலில் பெயரை மறைப்பார். கட்டைவிரலைத் தயாரிப்பாளர் முத்திரை மேல் வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு, எது நல்லது?" என்பார். யாருக்கும் சொல்லத் தெரியாது. பிறகு உள்ளே இருக்கும் பாகத்தை உருவி மேசை விளக்கின் கீழ் வைப்பார். அதன் தலையில் இரண்டு திருகு. திருகு கழன்றுவிடாதபடி சுற்றியுள்ள இரும்பை உளியால் குத்தி நெரித்திருக்கிறார்களா, இல்லை ஒப்புக்குக் கீறிவிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார். பூட்டும் முனையைத் தனியாகச் சோதித்ததற்கு முத்திரை இருக்கிறதா. குழலின் உட்பக்கம் குரோமியம் பூசியதா. உடல் அடித்து உருவாக்கிய அலுமினியமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் விரல் நகத்தால் தட்டிப் பார்த்தே பதில் சொல்வார். முப்பத்தைந்து வருடம்.

"முன்னாடி மாட்டியிருக்கிற அலங்காரத்துக்கெல்லாம் காசு குடுக்காத. அது கிறிஸ்துமஸ் மரம். உனக்குத் தோட்டா வாங்கவே காசு மிஞ்சாது" என்பார்.

"அப்ப இந்த அசிங்கமானதையா வாங்கச் சொல்றே?"

"உன் முகத்துக்கு இது போதும்."

வாங்குபவர் படிவம் நிரப்புவார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டுவார். மூன்று நிமிடத்தில் அரசாங்கம் சரி என்று சொல்லும். அந்த மூன்று நிமிடத்துக்குள் கடைக்காரன் தானும் ஒரு முடிவு எடுக்கலாம். அதற்கென்று எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒரு வாக்கியம் இருந்தது: "கம்ப்யூட்டர் படுத்துடுச்சு, திங்கக்கிழமை வா." தன்னையே சுட்டுக்கொள்ள வாங்குகிறான் என்று பட்டால் அதைச் சொல்வார்கள். சட்டத்தில் அது இல்லை. எவரும் எழுதி ஒட்டவும் இல்லை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தது.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பா உடனே சொன்னார்: "சாகப்போறவன் விலை கேக்க மாட்டான். எது கெடச்சாலும் சரிம்பான். ஒரே ஒரு பெட்டி தோட்டா வாங்குவான். துடைக்கிற எண்ணெய் வேணுமான்னு கேட்டா முழிப்பான்." ஏழு வருடத்தில் நான்கு பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவன் பிறகு வந்து கை கொடுத்துவிட்டுப் போனான்.

டார்ஸி நெஸ்டர் 2016 அக்டோபரில் வந்தான். நாற்பத்து நான்கு வயது. எரிவாயுக் கிணறுகளில் வேலை செய்தவன், ஆறு மாதமாக வேலை இல்லை. அப்பாவுக்கு முகம் தெரியும், அவ்வளவுதான். அவன் ஒரு காகிதத்தில் மூன்று மாடல் எழுதிக் கொண்டுவந்திருந்தான்.

"மூணையும் எறக்குங்க ஓர்வில். எனக்கு அவசரமில்ல."

அப்பா இறக்கினார். அவன் திருகைப் பார்த்தான், முத்திரையைப் பார்த்தான். நல்ல கேள்விகள் கேட்டான். ஐந்நூற்று அறுபதுக்கு ஒன்றும், நானூற்று எண்பத்தொன்பதுக்கு ஒன்றும் கடைசியில் நின்றன.

"இந்த எழுபது டாலருக்கு என்ன அதிகம்?"

"பிடி கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். வேற ஒண்ணுமில்ல."

"அப்ப சின்னது. பின்னாடி வித்தா என்ன வரும்?"

"பத்திரமா வெச்சிருந்தா நானூறுக்குக் குறையாது."

"நீங்க பாத்துக் குடுத்ததுன்னு சொன்னா?"

"அப்ப ஒரு அம்பது சேத்துக்கோ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். துடைக்கிற எண்ணெயும் வாங்கினான். அன்று சாயங்காலம் அப்பா எனக்குப் போன் செய்து, ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு விவரமான ஆள் வந்தான் என்று சொன்னார்.

பத்தொன்பதாம் நாள் டார்ஸி அந்தத் துப்பாக்கியால் இறந்தான்.

ஜனவரியில் அவன் மனைவி டோன்யா கடைக்கு வந்தாள். ஷெரிஃப் அலுவலகம் துப்பாக்கியை அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தது. பையில் சிவப்பு நாடா ஒட்டியபடியே கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்தாள். இந்த உரையாடலை அப்பா எனக்கு ஒரே ஒரு முறை சொன்னார், ஒரு வார்த்தையும் விடாமல்.

"இத எடுத்துப்பீங்களா? பில் இருக்கு. பில்லுல ஓ.சி.ன்னு போட்டிருக்கு. அது யாரு?"

"நான்தாம்மா. ஓர்வில் கட்லிப்."

"எவ்வளவு நேரம் நின்னாரு இங்க?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

"முக்கா மணி நேரமா? என்ன பேசுனாரு?"

"இதப் பத்தித்தான். எது நல்லது, என்ன விலை."

"சிரிச்சாரா?"

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "சிரிச்சாரு."

"அந்த வருஷம் பூரா எங்கிட்ட முக்கா மணி நேரம் பேசல" என்றாள். அழவில்லை.

அப்பா தன் விதியை அவளிடம் சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி நினைத்திருப்பார். சாகப்போகிறவன் விலை கேட்க மாட்டான், அதனால் சந்தேகமே வரவில்லை என்றார்.

டோன்யா பில்லைப் பையின் மேல் வைத்தாள். "அது வீட்டுக் காசு. பிள்ளைங்க காசு. அதுல ஒரு டாலர் அதிகமா எடுக்க மனசு வராது அவருக்கு. பூட்ஸ் வாங்குனாலும் அப்படித்தான் நிப்பாரு." பிறகு சொன்னாள்: "எழுதி வெச்சிருந்தாரு. இத வித்துடு, நானூத்தம்பதுக்குக் குறைக்காத, ஓர்வில் பாத்துக் குடுத்ததுன்னு சொல்லுன்னு."

அப்பா தன் பணத்தில் நானூற்று எண்பத்தொன்பது கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒஹாயோவிலிருந்து வந்தேன். அங்கே ஒரு பேரிங் தொழிற்சாலையில் அளவுச் சோதனை அறை என் பொறுப்பு. அப்பா வண்டிக் கொட்டகையில் துப்பாக்கியைப் பட்டறைப் பிடியில் மாட்டி ரம்பத்தால் நான்காக அறுத்திருந்தார். துண்டுகள் தரையில் கிடந்தன. பழக்கத்தில் ஒன்றை எடுத்து வெட்டுமுகத்தைப் பார்த்தேன். குமிழ் இல்லை. விரிசல் இல்லை. சுவர் கனம் எங்கும் சீராக இருந்தது. அந்த விலைக்கு அதைவிட நல்லது கிடைத்திருக்காது.

நான் தப்பான ஒன்றைச் சொன்னேன். எந்த அளவுகோலும் சில கெட்ட உருப்படிகளை உள்ளே விடத்தான் செய்யும், அப்பா, அதைப் பூஜ்யமாக்க முடியாது என்றேன்.

"உருப்படியா?"

"நான் சொல்ல வந்தது..."

"அவன் பேரு டார்ஸி. எங்கிட்ட விலை பேசுனான், டிரெஸா. நான் அவனுக்கு எழுபது டாலர் மிச்சம் பண்ணிக் குடுத்தேன்."

அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: அப்படி இன்னொருவன் கையில் தன் கையால் கொடுத்துவிடக் கூடாது. ஆனால் யார் அப்படி என்று பார்க்க அவரிடம் இருந்த ஒரே வழி போய்விட்டது. விலை கேட்காதவன் மேல் சந்தேகம். விலை கேட்பவன் மேலும் சந்தேகம். மற்ற வாடிக்கையாளர்கள் அவரைத் தவிர்த்துவிட்டு டெனியிடம் போகத் தொடங்கினார்கள்.

எமெட் கில்லம், ஆலையில் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருபது வருடம் இருந்தவர். வாரம் இரண்டு நாள் கடைக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போவார். அந்த வசந்தத்தில் அவர் மனைவி இறந்திருந்தாள். ஆள் இளைத்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். எமெட் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ஓர்வில், அறுநூறுக்குள்ள எனக்கு ஒண்ணு பாரு. ரெண்டு மூணு குறிச்சிருக்கேன்."

அப்பா காகிதத்தைப் பார்த்தார். இறக்கினார். எமெட் திருகைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், அவசரமே படவில்லை. படிவத்தை நிரப்பினார். அப்பா கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றார். பெயரைத் தட்டவில்லை.

"கம்ப்யூட்டர் படுத்துடுச்சு எமெட். திங்கக்கிழமை வா."

எமெட்டுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த வாக்கியம் எதற்கு என்று காபி குடிக்கும்போது அவருக்குச் சொன்னதே அப்பாதான்.

"என்ன சொன்னே?"

"படுத்துடுச்சுன்னேன்."

"யோவ், இந்தக் கதைய எனக்குச் சொல்லிக் குடுத்தவனே நீதான்யா. எங்கிட்டயேவா?" குரல் உயர்ந்தது. "என்னையே சுட்டுக்கிறவன் மாதிரியா தெரியறேன்? டெனி! உன் கம்ப்யூட்டர் ஓடுதா?"

டெனி அந்த மேசையின் மறுகோடியில் தன் திரையில் இன்னொருவரின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஓடுது" என்றார். வேறென்ன சொல்வார்.

கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த வாக்கியத்தின் பொருள் அன்று தெரிந்துபோனது. எமெட் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்றார் டெனி. "ஓர்வில், உனக்கு என்னய்யா ஆச்சு? அவன் உன் சிநேகிதன்."

"எனக்குக் கண்ணு தெரியல டெனி."

"கண்ணாடிய மாத்து."

"அது இல்ல."

பெயர்ப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை. மிச்ச ஆறு வருடமும் வீட்டில்தான். யாராவது போன் செய்து எது வாங்கலாம் என்று கேட்டால் "எனக்குத் தெரியாதுப்பா" என்று வைத்துவிடுவார். எமெட் பக்கத்து ஊரில் வேறு கடையில் வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். அப்பாவோடு பேசவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை.

மார்ச்சில் வீட்டைக் காலி செய்ய வந்தபோது எமெட் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் பின்முற்றத்தில் கோழிக் கூண்டுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஓர்வில் பொண்ணுதானே நீ" என்றார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அன்னிக்கு அப்பா நெனச்சது சரியா?"

அவர் குறடைக் கீழே வைத்தார். "இல்ல. கொயோட்டி நரி வந்து பதினாறு கோழிய அடிச்சுட்டுப் போயிடுச்சு. அதுக்குத்தான். என் பொண்டாட்டி வளத்த கோழி. என்னைய ஊருக்கு முன்னாடி பைத்தியக்காரன் ஆக்கிட்டான் உங்கப்பன். அந்த வாரமே என் தங்கச்சி வந்து வீட்டுல இருந்த துப்பாக்கி எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டா. தெனம் ராத்திரி போன். சாப்பிட்டியா, எங்க இருக்கே, ஏன் மூச்சு வாங்குதுன்னு. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்காதா? ஒரு வருஷம்."

"சரி" என்றேன். அப்பா நல்ல உருப்படியைத் தள்ளிவிட்டிருந்தார். என் வேலையில் அதற்கு ஒரு பெயரும் ஒரு விழுக்காடும் உண்டு. நான் அதைச் சொல்லவில்லை.

"வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அவன்?"

"வந்தாரு. பல தடவ. உங்க வாசல் தபால் பெட்டிகிட்ட வண்டிய நிறுத்திட்டுத் திரும்பி வந்துடுவாரு."

"தெரியும். பாத்தேன்." எமெட் வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் வெளிய வரல. இறங்கி வந்து மன்னிப்புக் கேக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."

"மன்னிப்புக் கேக்க வரல அவரு."

"பின்ன?"

"நீங்க நடமாடுறீங்களான்னு பாத்துட்டுப் போக. ஜன்னல்ல விளக்கு எரிஞ்சா, நீங்க குறுக்க நடந்தா, திரும்பி வந்து எனக்குப் போன் பண்ணுவாரு. எமெட் இருக்கான்னு சொல்லுவாரு. அவ்வளவுதான்."

 எமெட் குறடை எடுத்து, கம்பியின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் முறுக்கினார்.