மருமகளுக்கு ஆறு டப்பா

காதல் கல்யாணம் முடிந்து நான்கு வருடம் என் மாமனார் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண். அவர் குஜிலியம்பாறைப் பக்கம் கடலை போடுகிறவர், குலசாமியிடம் உத்தரவு கேட்காமல் விதைப்பெட்டியைத் தொடமாட்டார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வராவிட்டால் போகட்டும் என்று வீராப்பாகத்தான் இருந்தேன். ஆனால் ஏழாம் மாதம் ஆனதும், பிள்ளைக்குத் தாத்தா வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு, திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி அவரே வந்து நின்றார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாசமாக இருப்பவளை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதல்லவா? தெருமுனைக் கடையில் மாசமான பிள்ளைக்குத் தெம்புக்கு ஏதாவது கொடு என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஆறு டப்பா எனர்ஜி டிரிங்க்கைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"குடிம்மா, பிள்ளைக்குத் தெம்பு. நானும் அங்கன ஒண்ணு குடிச்சேன். ஜிவ்வுன்னு இருக்கு!" என்று ஒரு டப்பாவை என் கையில் வைத்தார்.

பின்பக்கத்தில் பொடிப் பொடியாக ஆங்கில எழுத்து. கல்லூரியில் பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரே நாளில் மூன்று டப்பா குடித்த மகராசி நான், அதை ஒருநாளும் படித்ததில்லை. அன்றுதான் படித்தேன். பகீரென்றது.

வீடு தேடி வந்தவர் கொடுப்பதை வேண்டாம் என்றால், எங்கள் பக்கம் அவரையே வேண்டாம் என்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாய் குடித்தால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"மாமா, மாசமா இருக்கவங்க இதக் குடிக்கக் கூடாதாம். மத்தவங்களும் ஒரு நாளைக்கு ரெண்டு டப்பாவுக்கு மேல குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?"

விரல் வைத்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முகம் சுண்டிப்போனது. டப்பாக்களைப் பையில் திணித்துக்கொண்டு, செருப்பை மாட்டி இறங்கிவிட்டார். போச்சு, இன்னும் நான்கு வருடம் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையிலிருந்து அவர் சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"ஏன்யா, மாசமா இருக்க புள்ளைக்கின்னு சொல்லித்தான கேட்டேன்? இதக் குடுக்கலாமா? நல்லாருக்கவனே ரெண்டுக்கு மேல குடிக்கப்படாதாம்ல!"

"யாரு பெரியவரே ஒங்களுக்குச் சொன்னது?" என்றார் கடைக்காரர்.

"என் மருமக சொன்னா! படிச்ச புள்ள, அவ பொய் சொல்லமாட்டா."

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தேன். மத்தியானம் சாப்பிடாமல் அவரை அனுப்புவதாக இல்லை.